கூதிர்காலப் பூந்தோட்டம்

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து வழங்கினர் பண்டைத் தமிழர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இவற்றுள் கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களும் சேர்ந்த காலம். வானம் மூடியிருப்பதும், வாடைக்காற்று வீசுவதும், வடகிழக்குப் பருவமழை பொழிவதும் இக்காலத்தின் இயல்புகள். 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்னும் பழமொழி இதனையே உணர்த்துகிறது. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி இப்பருவமழையினால் வருவதாகும். கிழக்குக் கடற்கரை மாவட்டங்களில் இதன் பங்கு பாதிக்கும் மேற்பட்டது.

அடைமழைக்கு அஞ்சி மக்கள் வீட்டினுள் ஒடுங்கும் இக்காலமே பூஞ்செடி வளர்ப்போர்க்கு வேலை மிகுந்த காலம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று உழவர் கூறுவர். தானியப் பயிருக்கு ஆடி எப்படியோ, நிலைத்து வாழும் பூஞ்செடிகளுக்கும் புதர்ச்செடிகளுக்கும் ஐப்பசி அப்படி. மல்லிகை, நந்தியாவட்டை, செம்பருத்தி, அரளி, வெட்சி, கனகாம்பரம், ரோசா முதலியவற்றை நடுவதற்கு இதைவிட நல்ல பருவம் சமவெளியில் வாய்ப்பது அரிது.

தமிழர் வாழ்வில் பூவுக்கு என்றும் தனி இடம் உண்டு. கபிலர் தாம் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிக் கூறியுள்ளார். மதுரை மல்லிகை 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பூச்சூடாத மங்கல நிகழ்ச்சி தமிழ்நாட்டில் இல்லை எனலாம். ஆயினும், பூவை விரும்புவோர் பலராக, பூஞ்செடியை நட்டு நிலைபெறச் செய்வோர் சிலராகவே உள்ளனர். வீட்டின் முன்பும் பள்ளியின் முன்பும் ஆர்வத்துடன் நடப்படும் கன்றுகளுள் பல, அடுத்த சித்திரை வெயிலைத் தாங்காமல் கருகிவிடுகின்றன. 'வெயில் கொன்றுவிட்டது' என்று மக்கள் இரங்குவர். சித்திரையில் செடி மடிந்ததற்குரிய காரணத்தைப் பெரும்பாலும் ஐப்பசியிலேயே தேடுதல் வேண்டும். நடும் பருவத்தில் வேர் ஆழமாக இறங்காத செடியே வெயிலுக்கு முதலில் இரையாகிறது.

செடியின் வாழ்வு ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போன்றது. நீரைத் தேடிக் கொணர்வது வேர். அதனைச் செலவிடுவது இலை. இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் பல உள்ளன. அவற்றின் வழியாக நீர் ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்கிறது. இதனை நீராவிப்போக்கு என்பர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், மூன்றரை அடி உயரமுள்ள சூரியகாந்திச் செடி ஒன்றைத் தொட்டியில் வைத்து, தொட்டியின் வாயை ஈயத்தகட்டினால் மூடி, காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்தார். ஒரு பகற்பொழுதில் அச்செடி சராசரியாக ஒன்றேகால் பவுண்டு, அதாவது அரைக் கிலோவிற்குச் சற்று மேற்பட்ட நீரை இழந்தது என்று கண்டார். 1727-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில் இச்சோதனையை அவர் விளக்கியுள்ளார். இவ்வளவு நீரையும் நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டிய பொறுப்பு வேருடையது.

இப்பொறுப்பை நிறைவேற்றுவதற்கு வேர் எத்துணைப் பெருமுயற்சி செய்கிறது என்பதை 1937-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. டிட்மர் என்னும் அமெரிக்கத் தாவரவியலார், நான்கு திங்கள் வளர்ந்த ஒரே ஒரு ரைப் பயிரின் வேர்களை மண்ணிலிருந்து கழுவி எடுத்துக் கணக்கிட்டார். ரை என்பது கோதுமைக்கு இனமான ஒரு தானியம். அப்பயிரின் வேர்கள் அனைத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். அது சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட தொலைவுக்கு ஏறக்குறைய ஈடானது. அவ்வேர்களின் மேல் முளைத்திருந்த வேர்த்தூவிகளோ கோடிக்கணக்கானவை. மண்துகள்களினிடையே புகுந்து நீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு இத்தூவிகளுடையது. பஞ்சிழையினும் மெல்லியனவாகிய இவை, செடியைப் பெயர்த்து எடுக்கும்போது அறுபட்டுப் போகின்றன. ஆகவே, புதிதாக நடப்பட்ட செடியிடம் செலவு செய்யும் இலைகள் குறையாமல் இருக்கின்றன. வரவு தேடும் வேர்த்தூவிகள் மட்டும் குறைந்துவிடுகின்றன. நட்ட மறுநாள் செடி வாடித் தலைசாய்வது இதனாலேயே ஆகும்.

கூதிர்காலம் செடிக்கு உதவும் வகை இப்பொழுது விளங்கும். இக்காலத்தில் கதிரவனின் வெம்மை தணிந்திருக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். அதனால் இலைகள் இழக்கும் நீர் குறைகிறது. மண்ணோ ஈரமாகவும், வேர் வளர்வதற்குப் போதிய வெதுவெதுப்புடனும் இருக்கிறது. மேலே செலவு சுருங்கிய நேரத்தில், கீழே புதுவேர் ஓடுகிறது. இரண்டு மூன்று திங்கள் இவ்வாறு வளரும் செடி, கோடை வருமுன் ஆழத்திலுள்ள ஈரத்தை எட்டிவிடுகிறது.

குளிர்நாட்டினரும் இவ்வுண்மையை நன்கு அறிந்துள்ளனர். இங்கிலாந்து முதலிய நாடுகளில் இலையுதிர் காலமே புதர்ச்செடிகளை நடுவதற்குச் சிறந்த பருவமாகக் கருதப்படுகிறது. அங்கே பல செடிகள் அக்காலத்தில் இலைகளை உதிர்த்துவிடுகின்றன. கோடையில் சூடேறிய மண் உடனே குளிர்ந்துவிடுவதில்லை. எனவே, நிலம் உறையுமுன் வேர் ஓடுவதற்குக் காலம் கிடைக்கிறது. டூலிப் மலரின் கிழங்குகளையும் அவர்கள் அப்பருவத்திலேயே புதைக்கின்றனர். பல வாரக் குளிரில் கிடந்த பின்னரே அவை இளவேனிலில் நன்கு பூக்கும். அங்கே இலையுதிர்வினால் கிடைக்கும் நன்மை, இங்கே மழையினால் கிடைக்கிறது. நாடும் செடியும் வேறுபட்டாலும், வேர் ஊன்றுவதற்கு உரிய ஓய்வுக்காலத்தில் நடுதல் என்னும் நெறி ஒன்றே.

மழை நல்லது என்பதனால் எவ்வளவு நீர் நின்றாலும் நல்லது என்று எண்ணுதல் கூடாது. வேரும் மூச்சு விடுகிறது. மண்துகள்களின் இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்து அது உயிர்வளியைப் பெறுகிறது. நீர் வடியாமல் தேங்கினால் அவ்விடைவெளிகள் நீரால் நிரம்பிவிடுகின்றன. காற்றின்றி வேர் சோர்கிறது, பின்னர் அழுகுகிறது. அழுகிய வேரினால் நீரை உறிஞ்ச இயலாது. அதனால், காலடியில் நீர் நிற்கும்போதே செடி வாடுகிறது. இலைகள் மஞ்சள் நிறம் அடைந்து உதிர்கின்றன. காரணம் அறியாதவர் வாடிய செடிக்கு மேலும் நீர் வார்த்து அதன் அழிவை விரைவுபடுத்துவர். கூதிர்காலத்தில் செடிக்கு நேரும் இடர்களுள் இதுவே பெரிது.

ஆதலின், நடுவதற்குமுன் நிலத்தைச் சோதித்து அறிதல் வேண்டும். முழம் ஆழத்திற்கு ஒரு குழி தோண்டி, மாலையில் அதை நீரால் நிரப்ப வேண்டும். மறுநாள் காலையில் நீர் வடிந்திருந்தால் அவ்விடம் நடவுக்கு ஏற்றது. நீர் அப்படியே நின்றால், அவ்விடத்தில் மண்ணை உயர்த்தி மேடாக்கி நடுதல் வேண்டும். அல்லது நீர் வெளியேறச் சிறு வாய்க்கால் அமைத்தல் வேண்டும். கூரைநீர் கொட்டும் இடத்திலும், மரத்தின் அடர்ந்த நிழலிலும் பூஞ்செடி செழிக்காது. மல்லிகைக்கும் ரோசாவுக்கும் வெயில் மிகுதியாக வேண்டும்; கனகாம்பரம் ஓரளவு நிழலைப் பொறுக்கும். செடியின் இயல்பறிந்து இடம் தருதல் தோட்டக்கலையின் முதற்பாடம்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது மண்ணைக் கிளறுவதும் மிதிப்பதும் தவறு. ஈரக் களிமண் மிதிபட்டால் இறுகி, காற்றும் நீரும் புகாதபடி கட்டியாகிவிடும். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்த்தால் அதன் பதம் தெரியும். விரல்படவே உதிருமாயின் அம்மண் வேலைக்கு ஏற்றது. சேறாகக் கையில் ஒட்டுமாயின் இரண்டொரு நாள் பொறுத்திருத்தல் நலம்.

மல்லிகைக்கு நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும் ஓரடி உள்ள குழி போதும். ரோசாவுக்கு ஒன்றரை அடிக் குழி வேண்டும். ஒரு மல்லிகைச் செடிக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஏறத்தாழ நான்கடி இடைவெளி விடுதல் முறை. சிறு கன்றாக இருக்கும்போது அது வீண் இடமாகத் தோன்றும். செடி புதராக வளர்ந்த பின்னரே அதன் தேவை புலனாகும். தோண்டிய மேல்மண்ணுடன் நன்கு மக்கிய தொழுவுரத்தையும், சிறிதளவு வேப்பம் பிண்ணாக்கையும் கலந்து குழியில் இடவேண்டும். மக்காத சாணத்தை இட்டால், அது மண்ணுக்குள் மக்கும்போது சூடு உண்டாகி இளவேரைச் சிதைக்கும். களிமண் நிலமாயின் மணலும், மணல் நிலமாயின் இலைமக்கும் மிகுதியாகச் சேர்த்தல் நன்று.

கன்றுகளை விலைக்கு வாங்குவோர், பூத்துக் குலுங்கும் பெருஞ்செடியையே தேடி எடுப்பர். பூவின் எண்ணிக்கையைவிட வேரின் நலமே கருதத்தக்கது. பிளாஸ்டிக் பையில் நெடுநாள் கிடந்த செடியின் வேர்கள், வெளியேற வழியின்றிப் பையின் உட்புறத்தைச் சுற்றிச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் அவை மண்ணுக்குள்ளும் சுற்றியே வளரும். அதனால், பையைக் கிழித்து நீக்கி, சுருண்ட வேர்களை மெல்லப் பிரித்துவிட்டு நடவேண்டும். பையோடு செடியைப் புதைப்பவரும் உளர். அது வேரைச் சிறையில் அடைத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

விலை கொடுத்து வாங்காமலே பூஞ்செடிகளைப் பெருக்கும் வழிகளும் உள்ளன. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி ஆகியவற்றைப் போத்து நட்டு வளர்க்கலாம். முற்றிய கிளையில், எழுதுகோல் பருமனுள்ள துண்டை முக்கால் அடி நீளத்திற்கு, ஒரு கணுவிற்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். அடிப்பகுதியிலுள்ள இலைகளை நீக்கிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு நட்டு நிழலில் வைத்தால், சில வாரங்களில் வேர்விடும். துண்டைத் தலைகீழாக நட்டுவிடாமல் கவனித்தல் வேண்டும். அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. ஆகவே, அதனைத் தொட்டபின் கைகளைக் கழுவுவதும், வெட்டிய துண்டுகளை ஆடு மாடுகளும் சிறு குழந்தைகளும் எட்டாத இடத்தில் போடுவதும் கட்டாயமாகும்.

மல்லிகையைப் பதியம் போட்டுப் பெருக்குவர். தாழ்ந்த கொடி ஒன்றை வளைத்து, ஒரு கணுவின் அருகே பட்டையைச் சிறிது சீவி, அப்பகுதியை ஈரமண்ணில் புதைத்து, நுனி மட்டும் வெளியே தெரியுமாறு வைத்தல் பதியம் ஆகும். மூன்று நான்கு திங்களில் புதைந்த இடத்தில் வேர் உண்டாகும். அதுவரை தாய்ச்செடியே அதற்கு உணவளிக்கிறது. தானே வாழும் ஆற்றல் பெற்ற பின்னர் அதனைத் துண்டித்து வேறிடத்தில் நடுவர். கனகாம்பரமோ விதை பரப்பும் வழியை இயற்கையிலேயே பெற்றுள்ளது. அதன் உலர்ந்த காய் நீர் பட்டவுடன் படீரென வெடித்து விதைகளைத் தொலைவில் தெறிக்கச் செய்யும். காய் ஒன்றை நீரில் இட்டு மாணவர் இதனைத் தாமே காணலாம். மண் நனைந்த பின்னரே விதை வெளிவருதல் வேண்டும் என்னும் ஏற்பாடு அச்செடியில் அமைந்துள்ளது.

மாலை நேரமோ, மேகம் மூடிய பகலோ நடவுக்கு ஏற்றது. வேரைச் சுற்றியுள்ள மண் உதிராமல் கன்றைக் குழியில் இறக்கி, அது முன்பு மண்ணுள் இருந்த அளவுக்கே இப்பொழுதும் புதையுமாறு நடவேண்டும். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். ஒட்டுக்கட்டிய ரோசாவை நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருத்தல் வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து எழும் கிளைகள் அடிச்செடிக்கு உரியவை. அவற்றை அவ்வப்போது நீக்காவிட்டால், விரும்பி நட்ட ரோசாவை அவை நலிவித்துவிடும். மண்ணை இட்டுக் கையால் மெல்ல அழுத்தி, மழை பெய்தாலும் ஒரு முறை நீர் ஊற்றுதல் நன்று. அந்நீர் மண்ணை வேருடன் நெருங்கப் படியச் செய்யும். காற்றில் செடி அசைந்தால் புதிதாக முளைத்த வேர்கள் அறுந்துபோகும். ஆகவே, பக்கத்தில் ஒரு கோல் நட்டுத் தளர்வாகக் கட்டிவைத்தல் வேண்டும்.

நட்டதோடு கடமை முடிந்துவிடாது. பெருமழைக்குப் பின்னர்ச் செடியின் அடியைச் சென்று பார்த்தல் வேண்டும். மண் கரைந்து வேர் வெளிப்பட்டிருந்தால் மண் அணைக்க வேண்டும். நீர் தேங்கியிருந்தால் வடித்துவிட வேண்டும். மழையில் களை விரைந்து வளரும். அது பூத்து விதை சிந்துமுன் பிடுங்குதல் எளிது. இரவில் நத்தைகள் வந்து இளந்தளிர்களைத் தின்னும். மாலையிலும் விடியலிலும் அவற்றைக் குச்சியால் எடுத்து அப்புறப்படுத்தலாம். பூந்தொட்டியின் அடித்தட்டுகளில் நிற்கும் நீரை வாரத்திற்கு ஒரு முறையேனும் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இத்தகைய நீரிலேயே பெருகுகிறது. தோட்டம் வீட்டுக்கு அழகு தருவதன்றி நோய் தருவதாக இருத்தல் ஆகாது.

முன்னரே வேரூன்றி வளர்ந்த செடிகளைக் கவாத்துச் செய்வதும் இப்பருவத்தில் தொடங்கும். குண்டுமல்லியைக் கார்த்திகைத் திங்களில், தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்று மேல் விட்டு வெட்டுவர். பிச்சியை மார்கழியிலும், முல்லையைத் தையிலும் வெட்டுவது வழக்கம். பசுமையாக நிற்கும் கிளைகளை வெட்டுவதைக் கண்டு சிலர் வருந்தக்கூடும். மல்லிகை புதிதாக எழும் தளிர்க்கிளைகளிலேயே பூக்கிறது. பழங்கிளையை நீக்கினால் புதுக்கிளைகள் பல எழும். பங்குனி தொடங்கிப் பூ மிகும். ஆனால், அவ்வாண்டில் நட்ட இளங்கன்றை இவ்வாறு வெட்டுதல் தகாது. வேர் வளர்வதற்குரிய உணவை ஆக்கித் தருவன அதன் சில இலைகளே.

மழை ஓய்ந்த பின்னர்த் தை, மாசித் திங்களில் செடிக்கு உண்மையான சோதனை தொடங்குகிறது. மேல்மண் விரைந்து காயும். அப்பொழுது நாள்தோறும் சிறிது நீர் தெளித்தால் மேல்மண் மட்டுமே நனையும். வேரும் நீரைத் தேடி மேலேயே படரும். அதனினும், சில நாளுக்கு ஒரு முறை மண்ணின் ஆழம் வரை நனையுமாறு ஊற்றுவது மேல். வேர் அந்த ஈரத்தைத் தொடர்ந்து கீழே இறங்கும். உதிர்ந்த இலைகளையும் வைக்கோலையும் செடியைச் சுற்றி மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கப்படும், மண்ணும் குளிர்ந்திருக்கும். மூடாக்கு தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விட்டுப் பரப்பவேண்டும்.

இவ்வாறு பேணப்பட்ட செடி, சித்திரையில் ஏனைய செடிகள் வாடும்போது பசுமை குன்றாமல் நிற்கும். மண்ணுக்கு மேலே தோன்றும் பூவை எல்லாரும் காண்கின்றனர். மண்ணுக்குக் கீழே பல திங்கள் நிகழ்ந்த வளர்ச்சியை ஒருவரும் காண்பதில்லை. நடுதல் ஒரு நாளில் முடியும் வேலை. வேரூன்றச் செய்தலோ ஒரு பருவம் முழுதும் நீளும் கடமை. பள்ளித் தோட்டத்தில் ஐப்பசியில் ஒரு மல்லிகைக் கன்றை நடும் மாணவர், தை பிறந்த பின்னரும் அதற்கு நீர் வார்க்க மறவாதிருப்பாராயின், அடுத்த கூதிர்காலத்தில் அதன் கொடியைப் பதியம் போட்டுப் பிறர்க்கும் ஒரு கன்று வழங்கலாம்.